அந்தக் காரில் ஏறிய பெண்: ஒரே மழை, இரண்டு முடிவுகள்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் முதுகுளத்தூர். பரமக்குடியில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கணும். ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம், நடுநடுவே மிளகாய்க் கொல்லை. அம்மாவுக்கு அப்போதான் கண் ஆபரேஷன் முடிஞ்சிருந்தது. ஒரு மாசம் புத்தகத்தைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாரத்துக்கு ரெண்டு லைப்ரரி புத்தகம் முடிக்கிற ஆளுக்கு அது பெரிய தண்டனை. அதனால நான் படிச்சுக் காட்டினேன்.

அப்படி ஒரு நாள் படிச்சது ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’. பத்து, பன்னிரண்டு பக்கச் சிறுகதைதான். பாதியில் அம்மா என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாங்க. அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். என்ன கேட்டாங்கன்னு கடைசியில் சொல்றேன். முதல்ல கதையோட வரலாற்றைப் பார்த்துடுவோம். ஏன்னா, வசதியான இளைஞனின் காரில் ஏறிய ஒரு நடுத்தர வீட்டுப் பெண்ணை வெச்சு, தமிழ்நாடு இவ்வளவு நீளமா சண்டை போட்ட இன்னொரு கதை எனக்குத் தெரிஞ்சு இல்லை.

மழை, பஸ் ஸ்டாப், ஒரு பெரிய கார்

1966. ஆனந்த விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ வெளியாகிறது. ஜெயகாந்தனுக்கு அப்போ வயசு 32. கடலூரில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுட்டு, சென்னைக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸில் வளர்ந்தவர்.

கதை சிம்பிள். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி. சாயங்காலம், மழை. எதிரில் இருக்கிற பஸ் ஸ்டாப்பில் மாணவிகள் நிற்கிறாங்க. ஒவ்வொருத்தரா கிளம்பிப் போயிடுறாங்க. கடைசியில் ஒருத்தி மட்டும் மிச்சம். ஏழை வீட்டுப் பெண். கதையில் அவளுக்குப் பேர்கூட கிடையாது. ஒரு பெரிய கார் வந்து நிக்குது. ஓட்டுறவன் இளைஞன், பணக்காரன், பேச்சில் மரியாதை இருக்கு. கொண்டுபோய் விடுறேன்னு கதவைத் திறக்கிறான். அவள் தயங்கி ஏறுகிறாள். கார் அவள் வீட்டுக்குப் போகலை. ஊருக்கு வெளியே, ஆளில்லாத இடத்துக்குப் போகுது.

நடக்கக்கூடாதது நடக்குது. திரும்பி வரும்போது அவனுக்கே என்னவோ மாதிரி ஆயிடுது. அவளைத் தெருமுனையில் இறக்கி விட்டுட்டுப் போயிடுறான்.

அவள் வீடு ஒண்டுக் குடித்தனம். ஒரே முற்றத்தைச் சுத்திப் பல குடும்பங்கள். அம்மா விதவை. நனைஞ்சு வந்த பெண் அழுதுக்கிட்டே நடந்ததைச் சொல்லிடுகிறாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். பக்கத்துக் குடித்தனக்காரங்க என்ன ஏதுன்னு எட்டிப் பார்க்கிறாங்க. அந்த ஒரு நொடியில் அம்மா மாறுகிறாள். வேற ஏதோ காரணம் சொல்லி அவங்களை அனுப்பிட்டு, மகளை உள்ளே கூட்டிட்டுப் போய், தலையில் குடம் குடமா தண்ணியை ஊத்துகிறாள். நீ சுத்தமாயிட்டே, இது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், இனி உன் வாழ்க்கையைப் பார் என்பதுதான் அவள் சொல்வதன் சாரம். சீதைக்கு நெருப்பு. இந்தப் பெண்ணுக்குத் தண்ணீர். கதை அவ்வளவுதான்.

யார் காத்திருந்தாங்க, யார் ஓட்டினாங்க

இப்போ இந்தக் கதையைப் படிக்கிறவங்க முதல்ல கேட்கிறது, “ஏன் ஏறினா?” 1966-ல் இருந்தவங்களும் இதைத்தான் கேட்டாங்க. ஆனா அந்த பஸ் ஸ்டாப் எப்படி உருவாச்சுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

சென்னையில் பெண்களுக்கான கல்லூரிகள் ரொம்பப் பழசு கிடையாது. ராணி மேரி கல்லூரி 1914. பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915. ஸ்டெல்லா மாரிஸ் 1947. எத்திராஜ் 1948. அதாவது 1966-ல் ஒரு ஏழை வீட்டுப் பெண் கல்லூரி வாசலில் நிற்கிறாள்னா, பெரும்பாலும் அவள் வீட்டில் அந்த வாசலுக்கு வந்த முதல் பெண் அவள்தான். தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களே அந்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அம்மாவுக்கும் பாட்டிக்கும் இந்த அனுபவம் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நகரத்தில் தனியா நிற்பது எப்படின்னு அவளுக்குச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

அடுத்தது கார். அப்போ இந்தியச் சாலைகளில் ஓடினது பெரும்பாலும் மூணே மூணு கார். அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் கார் வேணும்னா பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அந்த ஊரில் ஒரு சின்னப் பையன் கப்பல் மாதிரி கார் ஓட்டிக்கிட்டு வர்றான்னா, அவன் காத்திருந்து பழக்கமே இல்லாத வர்க்கம்னு அர்த்தம். அவளோ பஸ்ஸுக்கு, ரேஷனுக்கு, குழாயடியில், எல்லாத்துக்கும் காத்திருக்கிறவள். பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கினதே 1972-ல்தான். கதை நடக்கிற காலத்தில் அரசுப் போக்குவரத்துத் துறையின் பஸ் எப்போ வருமோ அப்போதான் வரும்.

அந்தக் கதவு திறந்தப்போ அவளுக்கு ஆசை இருந்தது. அதை ஜெயகாந்தன் மறைக்கலை. காரின் உள்ளே இருக்கிற மெத்தையும் வெளிச்சமும் அவளை வியக்க வைக்குது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச நேர்மை இது. வாழ்க்கையில் முதல்முறையா ஒரு வசதியான உலகத்தை உள்ளே இருந்து பார்க்கிற எந்த இருபது வயசுப் பிள்ளைக்கும் அந்த ஆசை வரும். அது தப்பும் இல்லை, எதுக்கும் சம்மதமும் இல்லை.

சட்டம் இதைப் புரிஞ்சுக்க ரொம்ப நாள் எடுத்துக்கிச்சு. 1966-ல் சட்டப்படி சம்மத வயது 16. அதை 18 ஆக்கினது 2012-ல் வந்த போக்சோ சட்டமும், 2013-ல் வந்த குற்றவியல் சட்டத் திருத்தமும்தான். ஒரு பெண் உடலால் எதிர்த்துப் போராடலைங்கிற ஒரே காரணத்துக்காக அவள் சம்மதிச்சதா எடுத்துக்கக் கூடாதுன்னு சட்டப் புத்தகத்தில் எழுதினதும் 2013-ல்தான். கதை வந்து 47 வருஷம் கழிச்சு.

எதிர்ப்பு, அப்புறம் ரெண்டாவது வெர்ஷன்

கதை வந்ததும் பெரிய எதிர்ப்பு. இதை எழுதலாமான்னு கேட்டவங்க உண்டு. பத்திரிகை போடலாமான்னு கேட்டவங்க உண்டு. ஆனா கவனிச்சுப் பாருங்க, கோபம் பெரும்பாலும் அந்தப் பையன் மேல இல்லை. அம்மா மேல. ஒரு தாய் இதை மறைக்கலாமா? தண்ணி ஊத்தினா சரியாப் போச்சா? அந்தப் பெண்ணை நாளைக்கு எவனாவது கட்டிக்கிட்டா அவன் கதி என்ன?

ஜெயகாந்தன் இதுக்குக் கட்டுரை எழுதிப் பதில் சொல்லிட்டு விட்டிருக்கலாம். அவர் பண்ணது வேற. சரி, நீங்க சொல்ற மாதிரியே அம்மா நடந்துக்கிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஒரு முழு நாவலே எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பேரில் தொடரா வந்தது. 1970-ல் புத்தகமானபோது பேர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-ல் சாகித்திய அகாதமி விருது.

கோட் எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரே புரோகிராம். ஒரே இன்புட். அதே மழை, அதே கார், அதே பெண். நடுவில் ஒரே ஒரு இஃப் கண்டிஷனை மட்டும் மாத்தி ரன் பண்றார். அம்மா வாயை மூடிக்கிட்டுத் தண்ணி ஊத்துறதுக்குப் பதிலா, ஊர் கேட்கிற மாதிரி கத்திடுறாங்க. அண்ணன் அவளை வீட்டை விட்டுத் துரத்துகிறான். மற்றது எல்லாம் அதிலிருந்து வருது.

இந்த வெர்ஷனில் அவளுக்குப் பேர் இருக்கு. கங்கா. தாய்மாமன் வெங்கு மாமா அவளைக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வைக்கிறார். ஊருக்கு அவர் பெரிய மனுஷர், வக்கீல். ஆனா படிக்க வெச்ச அதே கை அவளைத் தொடப் பார்க்குது. கங்கா படிக்கிறாள், நல்ல வேலைக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள். ஆனா கெட்டுப் போனவள் என்ற முத்திரை மட்டும் போகலை. வெங்கு மாமாவின் வாதம் இதுதான்: உனக்கு இனி கல்யாணம் கிடையாது. முடிஞ்சா உன்னைக் கெடுத்தவனையே கண்டுபிடி.

இங்கே ஜெயகாந்தன் ஒரு குறும்பு பண்ணியிருக்கார். நாவலுக்குள்ளே ஒரு எழுத்தாளர் வர்றார், பேர் ஆர்.கே.வி. அவர் எழுதின கதையின் பேர் ‘அக்னிப் பிரவேசம்’. அதைப் பத்திரிகையில் படிச்ச கங்கா, இது என் கதையாச்சேன்னு அதிர்ந்து போகிறாள். கதையில் வர்ற அம்மா தண்ணி ஊத்துகிறாள். தன் அம்மா ஏன் ஊத்தலை? அதே கேள்வியைக் கங்காவின் அம்மா கனகமும் தனக்குள்ளே கேட்டு அழுகிறாள். வாசகர்கள் போட்ட சண்டையை, அதால் பாதிக்கப்பட்ட ரெண்டு பெண்களோட வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வெச்சுட்டார்.

கங்கா அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பேர் பிரபு. கல்யாணமாகி, கல்லூரி வயசில் மகள் இருக்கிற, பணத்தைத் தவிர பெருசா ஒண்ணும் இல்லாத மனுஷன். அவன் வில்லனும் இல்லை, ஹீரோவும் இல்லை. அப்பா சம்பாதிச்ச காரை ஓட்டிப் பழகின பையன், வயசாகியும் பையனாவே இருக்கான். கங்காவுக்கு அவன்மேல் ஒரு பாசம் வந்துடுது. அதையும் ஊர் வாழ விடலை. அவன் விலகிப் போயிடுறான். கங்கா குடியில் விழுகிறாள்.

பையனுக்கு ரெண்டு வெர்ஷனிலும் பெருசா எதுவும் ஆகலை. அவன் எந்த வெர்ஷனிலும் வீட்டை விட்டுத் துரத்தப்படலை. பெண்ணோட வாழ்க்கை மட்டும் ஒரு வெர்ஷனில் தொடருது, இன்னொண்ணில் உடையுது. காரில் நடந்தது ரெண்டிலும் ஒண்ணுதான். வித்தியாசம் முழுக்க, வீட்டுக்கு வந்த முதல் பத்து நிமிஷத்தில்.

இந்த எபிசோடில் நான் சொல்ல வந்ததே இதுதான். பெண்ணுக்கு ஆபத்து காரில் இருக்குன்னு நமக்குச் சொல்லித் தர்றாங்க. காரில் ஆபத்து இருந்தது உண்மை. ஆனா அது எவ்வளவு பெரிய ஆபத்தா ஆகும்னு முடிவு பண்றது வீடு.

வெங்கு மாமா கோர்ட்டுக்கு வந்தபோது

இதெல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்தின கதைன்னு நினைக்காதீங்க. ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, அக்னிப் பரீட்சை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு மருத்துவமனையில் ‘இரு விரல் சோதனை’ன்னு ஒண்ணு பண்ணிட்டிருந்தாங்க. அந்தப் பெண் ஏற்கனவே உறவுக்குப் பழக்கப்பட்டவளான்னு பார்க்கிற சோதனை. குற்றத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. சீதையைத் தீயில் இறங்கச் சொன்ன அதே புத்திதான், கையுறை போட்டுக்கிட்டு வந்திருக்கு. இது பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2013-ல். அப்புறமும் நிக்கலை. 2022-ல் மறுபடியும், இதைப் பண்றவங்களைத் தவறான நடத்தை செஞ்சவங்களா கருதணும்னு சொல்ல வேண்டியிருந்தது.

ரெண்டாவது, “கெடுத்தவனையே கண்டுபிடி.” 2015 ஜூன் மாதம். சிறுமியாக இருந்த ஒரு பெண்ணை வன்கொடுமை செஞ்சதுக்காகத் தண்டனை பெற்ற ஒருத்தருக்கு, அந்தப் பெண்ணோட சமரசம் பேசிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் இடைக்கால ஜாமீன் கொடுத்தார். நாடு முழுக்க எதிர்ப்பு. ஜூலை தொடக்கத்தில், வேறொரு வழக்கில், இந்த மாதிரிக் குற்றத்தில் சமரசம்ங்கிற பேச்சுக்கே இடமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுக்கப்புறம் சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஜெயகாந்தன் இறந்தது அந்த வருஷம் ஏப்ரல் 8. ரெண்டே மாசம் கூடுதலா இருந்திருந்தா, தான் எழுதின வெங்கு மாமாவோட வாதத்தை நீதிமன்ற உத்தரவாகவே படிச்சிருப்பார்.

நடுவில் இந்தக் கதை சினிமாவும் ஆனது. ஏ. பீம்சிங் இயக்கம், கங்காவா லட்சுமி, பிரபுவா ஸ்ரீகாந்த், எழுத்தாளர் ஆர்.கே.வி.யா நாகேஷ். 1976-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை தேசிய விருது லட்சுமிக்குக் கிடைச்சது. அம்மா அந்தப் படத்தை டி.வி.யில் பார்த்திருக்காங்க. “அந்தப் பொம்பள கடைசில குடிக்கும்ல, அந்தப் படந்தானே?”ன்னாங்க. அவங்க ஞாபகத்தில் பிரபு இல்லை, கார் இல்லை. கங்கா குடிச்சது மட்டும் இருக்கு. ஊர் ஒரு பெண்ணை எப்படி ஞாபகம் வெச்சுக்கும்ங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்.

பொள்ளாச்சி: மறுபடியும் ஒரு கார்

இப்போ 2019-க்கு வருவோம். பிப்ரவரி. பொள்ளாச்சி. 19 வயசுக் கல்லூரி மாணவி ஒருத்தரை, பழகின ஆட்கள் காரில் ஏத்திட்டுப் போய், வன்முறை செஞ்சு, வீடியோ எடுத்து மிரட்டினாங்க. விசாரணை போகப் போக, இது ஒரு பெண்ணோட நிக்கலை, கார், பண்ணை வீடு, செல்போன்னு வெச்சுக்கிட்டு இதையே வேலையா ஒரு கூட்டம் பண்ணிட்டிருந்ததுன்னு தெரிஞ்சது.

அவங்க நம்பினது கேமராவை இல்லை. அந்தப் பெண்களோட வீட்டை நம்பினாங்க. வீட்டுல சொல்ல மாட்டா, சொன்னா அவளைத்தான் அடிப்பாங்க, படிப்பை நிறுத்துவாங்க, அவசரமா கல்யாணம் பண்ணி வைப்பாங்க. வீடியோவை வெச்சு மிரட்ட முடிஞ்சது, வீடு கனகம் மாதிரி கத்தும்ங்கிற நம்பிக்கையில்தான்.

அந்த 19 வயசுப் பெண் வீட்டுல சொன்னாங்க. வீடு அவங்களைத் துரத்தலை. புகார் கொடுத்தது. கூட்டம் உடைஞ்சது அந்த இடத்தில்.

அப்புறம் நடந்தது கேவலம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பேரை வெளியிடக்கூடாதுன்னு 1983-லேயே சட்டம் வந்தாச்சு, இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ. இருந்தும் அந்த மாவட்டக் காவல்துறை உயர் அதிகாரியே அந்தப் பெண்ணின் பேரைப் பத்திரிகையாளர்கள் முன்னாடி சொன்னார். அரசாணையிலும் பேர் வந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது.

ஒண்டுக் குடித்தனத்து அம்மா ஞாபகம் வருதா? பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தப்போ அவள் முதல்ல பண்ணது என்ன? பொய் சொல்லி அவங்களை அனுப்பினாள். 1966-ல் வாசகர்கள் அதை ஏமாத்து வேலைன்னு திட்டினாங்க. 17 வருஷம் கழிச்சு நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கினது. அவள் பேர் ஊர் வாயில் விழக்கூடாதுன்னு அந்த அம்மாவுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு.

வழக்கு சி.பி.ஐ.க்குப் போச்சு. 2025 மே 13. கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஜெயகாந்தன் ரெண்டு வெர்ஷன் எழுதினார். ரெண்டிலும் கார் ஓட்டினவனுக்குத் தண்டனை இல்லை. மூணாவது வெர்ஷனை இந்தப் பெண்கள் எழுதினாங்க.

ஜெயகாந்தனிடம் எனக்கு இருக்கிற சண்டை

ஒண்ணு சொல்லாம விட்டா சரியா இருக்காது. தண்ணி ஊத்தினதால் அவள் சுத்தமானாள்னா, அதுக்கு முன்னாடி அவள் அழுக்கா இருந்தாள்னு ஆகுதே? அந்தக் கதையின் கருணை பெரிசு. ஆனா அந்தக் கருணைக்குள்ளேயும் தீட்டுங்கிற கணக்கு இருக்கு. கழுவ வேண்டியது யாரை? வீட்டுல வெந்நீர் போட்டுக் குளிச்சிட்டு, சாப்பிட்டு, தூங்கப் போன அந்தப் பையன் மேல ஒரு சொட்டுத் தண்ணிகூட விழலை.

இன்னொண்ணு. கதையில் வர்றது சென்னையின் ஒரு பிராமண ஒண்டுக் குடித்தனம். எங்க ஊரு வேற. சாதி வேற, பேச்சு வேற, சோறு வேற. ஆனா “நாலு பேரு என்ன சொல்லுவாக” மட்டும் ஒண்ணுதான். எங்க பக்கம் அந்த நாலு பேரில் சாதிக்காரங்களும் சேர்ந்துக்குவாங்க. ஒரு பிள்ளைக்கு ஒண்ணு நடந்தா, பக்கத்துத் தெருவில் நாலு பிள்ளைக்குக் காலேஜ் நிக்கும். அதுக்குப் பயந்தே நாங்க எதையும் வீட்டுல சொல்றதில்லை.

அம்மா கேட்ட கேள்வி

என் கதையைச் சுருக்கமா சொல்றேன். 2018 கடைசி. இன்ஜினியரிங் முடிச்சு, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஹாஸ்டல் சோழிங்கநல்லூரில். ஒரு சனிக்கிழமை ராத்திரி, நண்பர்களோட நண்பர்கள்னு ஒரு கும்பலோட நீலாங்கரையில் ஒருத்தரோட கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்படி ஒரு வீட்டை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கேன். அங்கே எல்லாருக்கும் எல்லாமே சாதாரணம். எனக்கும் சாதாரணம்தான்ங்கிற மாதிரி நடிச்சேன். அந்த நடிப்பில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கிளம்பும்போது ஒருத்தன் ஹாஸ்டலில் விடுறேன்னான். மழையெல்லாம் இல்லை. அக்கரை ஜங்ஷனில் வலது பக்கம் திரும்பணும். திரும்பலை. நேரா போனான். சும்மா ஒரு ரவுண்டுன்னான். குடிச்சிருந்தான்னு அப்போதான் புரிஞ்சது. ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னேன். சிரிச்சான். உத்தண்டி டோல்கேட்டில் வண்டி மெதுவானப்போ, கதவைத் திறந்து இறங்கிட்டேன்.

அங்கே வேலையில் இருந்த ஒரு அக்கா ஒண்ணுமே கேட்கலை. பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணைப் போட்டு, தண்ணி பாட்டில் கொடுத்து, விடியற வரைக்கும் பக்கத்தில் உட்கார வெச்சிருந்தாங்க. முதல் பஸ்ஸில் ஏத்தி விட்டாங்க.

அம்மாகிட்ட நைட் ஷிஃப்ட்ன்னு சொன்னேன். மூணு மாசத்தில் பொள்ளாச்சி செய்தி வந்தது. அம்மா போன் பண்ணி, “அங்கன யாரு கூடயும் வெளிய தெருவ போயிராத தாயி, அப்பறம் வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கூட்டியாந்துருவேன்”னாங்க. அதோட அந்த விஷயத்தை உள்ளே போட்டுப் பூட்டிட்டேன். எனக்கு எதுவும் நடக்கலை. ஆனா நடந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் என்னை இத்தனை வருஷமா உறுத்தினது.

பொங்கலுக்குப் படிச்சுக் காட்டின அன்னைக்கு, அந்தப் பெண்ணைக் கார்க்காரன் தெருமுனையில் இறக்கி விட்ட இடத்தில் அம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. “எங்கே கூட்டிட்டுப் போனான்”னு கேட்கலை. “ஏன் ஏறினா”ன்னும் கேட்கலை.

“ஆத்தாகிட்ட சொன்னாளா?”

சொன்னாள்னு சொல்லிட்டு மிச்சத்தையும் படிச்சேன். முடிஞ்சதும் நானும் சொன்னேன். நீலாங்கரை, அக்கரை ஜங்ஷன், டோல்கேட், எல்லாத்தையும். கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்ததால் அம்மா முகத்தில் என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியலை. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க.

“அந்த டோல்கேட்டுப் புள்ள பேரென்ன?”

“தெரியாதும்மா.”

“கேட்டு வச்சிருக்கலாம்ல.”

அவ்வளவுதான். வேலையை விட்டு வான்னு சொல்லலை. அடுத்த நாள் காலையில் கொஞ்சம் அழுதாங்கன்னு தங்கச்சி சொன்னா. என்கிட்ட காட்டிக்கலை.

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற அக்கா, தங்கச்சிகளுக்கு: உங்க மேல தப்பு இல்லை. வீட்டுல சொல்ல முடியலைன்னா, தமிழ்நாட்டில் 181 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கு. அண்ணன், தம்பிகளுக்கு: உங்க வீட்டுல ஒரு பொண்ணு நனைஞ்சு வந்து நின்னா, முதல் பத்து நிமிஷத்தில் நீங்க என்ன பேசுறீங்கங்கிறதை இப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்க. அப்போ யோசிக்க நேரம் இருக்காது.

உத்தண்டி டோல்கேட்டில் 2018-ல் ராத்திரி வேலை பார்த்த அக்கா, இதைக் கேட்டீங்கன்னா நம்ம மெயிலுக்கு ஒரு வரி எழுதுங்க. அம்மா உங்களுக்கு மிளகாய் வத்தல் எடுத்து வெச்சிருக்காங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.